பேர் வைக்காத மருந்து

அவளுடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எழுத்து கோணலாக இருக்கிறது என்பாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதது அதற்கு ஒரு தடையாக இருந்திருக்காது.

எனக்கு அவள் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த மணல் திட்டில் எங்கள் குப்பம். கடைத்தெருவுக்குப் போக வேண்டுமென்றால் படகேற வேண்டும். குப்பத்தில் எல்லோரும் அவளை நேரில் பெரிம்மா என்பார்கள். அவள் நாலு வீடு தாண்டியதும் நொட்டைக்காரி என்பார்கள். எதை நீட்டினாலும் அதில் ஒரு நொட்டை சொல்வாள் என்பதால் வந்த பெயர். இது அவளுக்கும் தெரியும். "கூப்பிடுறதுதான் கூப்பிடுறானுங்கோ, தைரியமாக் கூப்டத் தெரியல," என்று அதிலும் ஒரு குறை சொன்னாள்.

மற்றவர்கள் பேச்சுக்குப் பேச்சு சொல்கிற 'பரவால்ல' அவளிடம் கிடையாது. குழம்பு எப்படி என்றால் எப்படி என்று சொல்வாள். பெரியப்பா இறந்த அன்று, தலைமாட்டில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதவள், நடுவில் நிறுத்தி, பந்தல் கால் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். போய்ப் பார்த்தார்கள். சாய்ந்துதான் இருந்தது.

சிக்கலே அதுதான். அவள் சொன்னதில் பொய் இருந்ததில்லை. பொய்யென்றால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

என்னைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள், பொண்ணு நல்லா சமைக்குமா என்று கேட்டார்கள். அம்மா பதில் சொல்வதற்குள் பெரியம்மா, "வெந்நி வெப்பா," என்றாள். அவர்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. அடுத்து ஒரு குடும்பம் வந்து அதே கேள்வியைக் கேட்டபோது, அம்மா முந்திக்கொண்டு, "வெந்நி வெப்பா," என்று தானே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை சிரித்தார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன். பெரியம்மா கல்யாணத்துக்கு வந்து, மாப்பிள்ளைக்குச் சட்டை தோளில் தொங்குகிறது என்றாள்.

ஒரு புயல் வருஷம் எங்கள் குப்பத்தில் பாதிக் கூரை போய்விட்டது. அரிசியும் பாயும் கொடுத்தார்கள். சில நாள் கழித்து ஒரு அதிகாரி படகில் வந்து இறங்கி, எல்லாம் சரியாக வந்து சேர்ந்ததா என்று கேட்டார். வந்துச்சி சார், ரொம்ப நல்லது சார் என்று ஆளாளுக்குக் கும்பிட்டார்கள். பெரியம்மா உள்ளே போய் ஒரு முறத்தில் அரிசியை அள்ளி வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல புழு ஊர்றது உனுக்குத் தெரியுதா இல்லியா?"

அதிகாரிக்குத் தெரிந்தது. உடனே படகேறிப் போய்விட்டார். வீடு கட்டித் தருவது பற்றி ஊரார் அவரிடம் பேசுவதாக இருந்தார்களாம், பேசவே முடியவில்லை. ஊர்ப் பெரியவர்கள் அவள் வீட்டு வாசலில் நின்று கத்தினார்கள். பிறகு ஒரு நாள் நல்ல அரிசி வந்து இறங்கியது. அதைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் குழைகிறது என்று அவள்தான் சொன்னாள்.

அவளை மதித்த ஒரே ஆள், கடைத்தெருவில் குடையும் கைலியும் விற்ற பாய். மீன் விற்க வந்த அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிழலுக்கு ஒதுங்கும்போது, புதிதாக வந்த சரக்கை அவளிடம் விரித்துக் காட்டுவார். குறை கொஞ்சமாகச் சொன்னால் எடுத்துக்கொள்வார். நிறையச் சொன்னால் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

"வாங்குறவன் வாயத் தொறக்க மாட்டான், அடுத்த வாட்டி வராமப் போயிடுவான். இந்தம்மா ஒண்ணுதான் இன்னா கோளாறுன்னு சொல்லுது," என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

இதெல்லாம் எழுபதுகளில். அந்தப் பத்தாண்டு முடியும் சமயத்தில் அவளுக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

முதலில் மீனைக் குறை சொன்னாள். மடவை முன்ன மாதிரி இல்லை, சேற்று நாற்றம் அடிக்கிறது என்றாள். பிறகு ரேஷன் அரிசியை, பிறகு என் அம்மா வைக்கும் ரசத்தை. கடைசியில் வயிற்றைச் சொன்னாள். எல்லாவற்றையும் குறை சொல்கிறவள் வயிற்றையும் சொன்னபோது அது தனியாக யார் காதிலும் விழவில்லை. நான் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ரவிக்கை அவள் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் மதராஸில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அங்கேயே சேர்த்தேன். வயிற்றைத் திறந்தார்கள். இரைப்பையில் இருந்த கட்டி ஈரல் வரைக்கும் போயிருந்தது. எதையும் எடுக்காமல் மூடிவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிப் போய் வேண்டியதைக் கொடுங்கள் என்றார் ஆபரேஷன் செய்தவர். கண் விழித்ததும் பெரியம்மா தையலைத் தடவிப் பார்த்தாள்.

"கோணி மூட்டைகூட இத விட ஒழுங்காத் தெப்பானுங்கோ."

நான் வேலை பார்த்த புற்றுநோய் வார்டுக்கு ஒரு டாக்டர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். சிரிப்பது அபூர்வம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வயிற்றுக் கட்டிகளுக்குப் புதிதாக ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சோதனையில் சேர்வதற்கு நிறைய நிபந்தனை: தெம்பாக நடமாட வேண்டும், வயது தாண்டியிருக்கக் கூடாது, முன்பு வேறு மருந்து எடுத்திருக்கக் கூடாது. பெரியம்மா தேறவில்லை. ஆனால் இப்படித் தேறாதவர்களுக்கு, வேறு வைத்தியமே கிடையாது என்றால், டாக்டர் தன் பொறுப்பில் அந்த மருந்தைக் கேட்டு வாங்கலாம் என்று ஒரு வழி இருந்தது. கம்பெனி ஒத்துக்கொள்ள வேண்டும், அரசாங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் நோயாளி ஒத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் அவள் கட்டிலுக்கு அருகில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மா, இந்த மருந்து இன்னும் கடைக்கு வரல. சோதிச்சுக்கிட்டு இருக்காங்க. இதுக்கு இன்னும் பேர்கூட வைக்கல. ஒரு எழுத்தும் ஒரு நம்பரும்தான்."

"பொறந்து எவ்ளோ நாளாவுது? இன்னுமா பேர் வெக்கல?"

"வேலை செய்யுதுன்னு உறுதியானதும் வைப்பாங்க."

"அப்போ உறுதி இல்ல."

"இல்ல. உங்களுக்குக் குணமாகும்னு நான் சொல்ல மாட்டேன். கட்டி கொஞ்சம் சுருங்கலாம். சுருங்காமலும் போகலாம். வாந்தி நிறைய வரும். வேற என்னென்ன வரும்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. வேணாம்னு நீங்க சொன்னாலும் இங்கயே வச்சுப் பார்த்துப்போம்."

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வந்ததுலேர்ந்து இவன் ஒருத்தன்தான் ஒழுங்காப் பேசுறான்," என்று சொல்லிவிட்டுக் கட்டை விரலை நீட்டினாள். அது மை வாங்குவதற்கு. மை தண்ணியாக இருந்ததையும் சொன்னாள்.

அந்த மருந்து வந்தது இரண்டு பேருக்கு. இன்னொருத்தி ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர்ப் பெண். செக்போஸ்ட் ஓரத்தில் அவள் புருஷன் டீக்கடை வைத்திருந்தான். முப்பது வயதுகூட இல்லை. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். குடலில் ஆரம்பித்து ஈரலுக்குப் போன கட்டி. முன்பு கொடுத்த மருந்து கேட்கவில்லை. வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், பெரியம்மாவைப் பெத்தம்மா என்று கூப்பிட்டாள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

மருந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். நோயாளிகளுக்கு என்னென்ன செய்கிறது என்று கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் தினமும் காலையில் வந்து கேட்பார். எளாவூர்ப் பெண் முதலில் எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, "நல்லா இருக்கேன் டாக்டர்," என்பாள். அவளுக்குக் கீழே வாந்திச் சட்டி நிறைந்திருக்கும். அந்த வார்டில் எல்லோருமே அப்படித்தான். வலிக்கிறது என்று சொன்னால் டாக்டருக்கு மனசு கஷ்டப்படும், கோபம் வரும், வைத்தியத்தை நிறுத்திவிடுவார் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பயம்.

பெரியம்மாவிடம் வந்தால் பயிற்சி டாக்டருக்குக் கை ஓய்ந்துவிடும். அவர் முதல் நாள் அவள் சொன்ன அத்தனையையும் எழுதிக்கொண்டு போனார். வயிற்றைப் பிசைகிறது, கஞ்சியில் உப்பில்லை, வாயில் தகரத்தைக் கடித்த மாதிரி இருக்கிறது, ஆயா பெருக்கும்போது தூசியை என் மேலே தள்ளுகிறாள், கால் விரல் மரத்துப்போகிறது, ஜன்னல் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. பெரிய டாக்டர் அதை வாசித்துப் பார்த்துவிட்டு, இதில் மருந்து செய்வது எது, ஆஸ்பத்திரி செய்வது எது என்று பிரித்து எழுதச் சொன்னார்.

அது அவ்வளவு சுலபமாக இல்லை. காதுக்குள் மோட்டார் ஓடுகிறது என்றாள் ஒரு நாள். பயிற்சி டாக்டர் மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக் கணக்கில் எழுதப் போனார். பெரிய டாக்டர் ஃபேனை நிறுத்தச் சொன்னார். அது முனகி முனகி நின்றது. வார்டே வேர்த்துக்கொண்டு காத்திருந்தது.

"இப்போ?"

"இன்னும் ஓடுது நைனா."

டாக்டர் அவள் காதருகே கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். ஒரு காதில் அவளுக்கு அது கேட்கவில்லை. அன்றைக்கே கம்பெனிக்கு எழுதினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "சிஸ்டர், உங்க பெரியம்மா மாதிரி நாலு பேர் இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன்." நாலு பேர் இருந்தால் நாங்கள் யாரும் தூங்க மாட்டோம் என்று நான் சொல்லவில்லை.

அந்த மருந்து சிறுநீரகத்தையும் தொடும் என்று டாக்டருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதனால் இருவருடைய சிறுநீரையும் அளவுக் கோடு போட்ட கண்ணாடி ஜாடியில் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். தினமும் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். எளாவூர்ப் பெண்ணுக்குக் கணக்கு ஒழுங்காக இருந்தது. கணுக்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. படுத்தே கிடப்பதால் இருக்கும் என்று அவளே சொன்னாள்.

ஒரு காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, வழக்கம்போல அவளிடம், "எப்படி இருக்கீங்க?" என்றார். "நல்லா இருக்கேன் டாக்டர்," என்றாள். அவர் நகர்ந்து பெரியம்மாவிடம் வந்தார்.

"இன்னிக்கு என்னம்மா குறை?"

"எனுக்கு அப்பால சொல்றேன். இந்தப் பொண்ணு ஒண்ணுக்கே போவல. நேத்திலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன்."

"ஜாடியில இருக்கேம்மா."

"அது ஒண்ணுக்கா? குடிக்கிற தண்ணி. டம்ளர்ல மொண்டு ஊத்துறா. மதியம் ஆயா சாப்பிடப் போனதும் ஊத்துவா. வேணும்னா எடுத்து மோந்து பாரு."

வார்டு முழுதும் திரும்பிப் பார்த்தது. எளாவூர்ப் பெண் போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டாள். ஜாடியை எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார்கள். இன்னும் ஒரு முறை அந்த மருந்து ஏறியிருந்தால் சிறுநீரகம் மொத்தமாக நின்றிருக்கும் என்று தெரிந்தது. அவளுக்கு மருந்தை நிறுத்தினார்கள்.

சாயந்தரம் நான் வார்டுக்குப் போனபோது அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"கட்டி கொறையிதுன்னு போன வாரம்தான் டாக்டர் சொன்னாரு. எதுக்கு பெத்தம்மா சொன்னீங்க? நான் செத்தா என் புள்ளைக்கு நீங்க சோறு போடுவீங்களா?"

"எனுக்கே ஆயுசு இல்ல. நா எங்கேர்ந்து போடுறது?" என்றாள் பெரியம்மா.

அதற்கப்புறம் அந்தப் பெண் அவளோடு பேசவில்லை. நான் பெரியம்மாவைத் தனியே பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் போட்டு உடைக்காமல் என்னிடம் மெதுவாகச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"உன்னாண்ட சொன்னா நீ பாவம்னு பாப்ப. பாவம்னு பாத்துக்கினே ரெண்டு நாளு போயிடும்," என்றாள். பிறகு அன்றைய கஞ்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். அன்று கஞ்சி தீய்ந்திருந்தது.

கொஞ்ச நாளில் எளாவூர்ப் பெண்ணுக்கு வீக்கம் வடிந்தது. புருஷன் வந்து கூட்டிக்கொண்டு போனான். பெரியம்மாவுக்கு மருந்து முழுதாக ஏறி முடிந்தது. அவளுடைய சிறுநீரகம் எப்படியோ தாங்கிக்கொண்டது. கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது. சோறு இறங்கியது. ஊருக்குப் போய் மறுபடி கூடை தூக்கினாள். காது மந்தமாகிவிட்டதால் இப்போது குறைகளைச் சத்தமாகச் சொன்னாள். கடைத்தெருவில் பாய் அவளைப் பார்த்துக் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார் என்று அம்மா சொன்னாள்.

டாக்டர் நடந்த அத்தனையையும் கம்பெனிக்கு எழுதியிருந்தார். பதில் வந்தது. வேறு ஊர்களிலும் சிலருக்குச் சிறுநீரகம் இப்படிக் கெட்டிருக்கிறதாம். மருந்துக்கு முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றி, மருந்தின் அளவையும் குறைத்தால் பலர் தாங்குகிறார்களாம். எளாவூர்ப் பெண்ணுக்கு மறுபடி ஆரம்பித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அவள் வீட்டுக்குத் தகவல் அனுப்பினார்கள். யாரும் வரவில்லை. மறுபடி அனுப்பினார்கள். அப்போதும் வரவில்லை.

லீவுக்கு ஊருக்குப் போனபோது சாப்பிட்டுக்கொண்டே இதை அம்மாவிடம் சொன்னேன். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டதாகவே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை அவள் துறையில் படகுக்காக நின்றுகொண்டிருந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள்.

"எளாவூருக்கு எப்டிப் போவணும்?"

தனியாக விட மனமில்லாமல் நானும் ஏறினேன். கடைத்தெருவிலிருந்து பொன்னேரிக்கு பஸ். அங்கிருந்து ரயில், மறுபடி பஸ். பஸ் குலுங்குகிறது, ரயில் லேட், ஜன்னல் கம்பியில் துரு என்று வழி முழுக்கச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எதற்குப் போகிறோம் என்று மட்டும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளை அவ்வளவு வருஷம் பார்த்தும் அப்படி நினைத்தேன்.

லாரிகள் வரிசையாக நின்ற சாலை ஓரத்தில் அந்த டீக்கடை. புருஷன்காரன் எங்களைப் பார்த்தான். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. பெரியம்மா தானே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லித்தான மருந்த நிறுத்துனாங்க?" என்றான்.

"ஆமா. நாதான் சொன்னேன்."

"இப்ப எதுக்கு வந்தீங்க?"

"மறுபடி தர்றாங்களாம். ஆள் மேல ஆள் வுட்டும் நீங்க வர்ல. அத்தொட்டு கூட்டிக்கினு போவ வந்தேன்."

அவன் கிளாஸைக் கழுவினான். கழுவிய கிளாஸையே மறுபடி கழுவினான். "எல்லாரும் வந்து சரியாப் போயிடும் சரியாப் போயிடும்னு சொல்றாங்கம்மா. சாமியார் சொல்றாரு, நாட்டு வைத்தியரு சொல்றாரு, பக்கத்துக் கடைக்காரன் சொல்றான். அவதான் யாரையும் நம்ப மாட்டேங்குறா. எதுவும் வேணாம்னு படுத்துட்டா."

கடைக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். பெரியம்மாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். திருப்பவில்லை. திருப்பத் தெம்பில்லையோ என்னவோ. பெரியம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். புருஷன் ஆளுக்கொரு டீ கொண்டு வந்து வைத்தான். பெரியம்மா ஒரு வாய் குடித்தாள்.

"தூள் பழசு."

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமுகிறாள் என்று நினைத்து நான் எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நா சொன்னது தப்புன்னு சொல்ல வர்ல," என்றாள் பெரியம்மா. "அன்னிக்கு வுட்டிருந்தா நீ செத்திருப்ப."

"தெரியும் பெத்தம்மா. டாக்டர் சொன்னாரு." பிறகு பெரியம்மாவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தி, "உங்களுக்கு எப்படி இருக்குது?" என்று கேட்டாள்.

பெரியம்மா சொன்னாள். மருந்து ஏறும்போது குடலே வாய் வழியாக வந்துவிடும் போல இருந்தது. முடிந்த பிறகும் பல நாள் அந்த நாற்றம் மூக்கிலேயே நின்றது. ஒரு காது போய்விட்டது, இன்னொன்றும் போய்க்கொண்டிருக்கிறது. விரல் மரத்து, மீன் செதில் தேய்க்கும்போது கத்தி பட்டு ரத்தம் வந்தால்கூடத் தெரிவதில்லை. கையை நீட்டி அந்தக் காயங்களைக் காட்டினாள். புருஷன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எனக்கு அவள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

"சோறு எறங்குது," என்று முடித்தாள். "அது ஒண்ணுதான் நல்லது. மத்ததெல்லாம் கேடு."

"இன்னும் எவ்ளோ நாளைக்கு எறங்கும்?"

"டாக்டருக்கே தெரியல. எனுக்கு இன்னா தெரியும்?"

"நான் பொழைப்பேனா பெத்தம்மா?"

"தெரியாது."

வெளியே ஒரு லாரி கிளம்பிப் போனது. அந்தப் பெண் அதன் சத்தம் அடங்கும் வரை பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, புருஷனைப் பார்த்தாள்.

"என் செருப்ப எடு."

அவளுக்கு மறுபடி மருந்து ஆரம்பித்தார்கள். முதல் நாள் முழுக்கப் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏறியது. டாக்டர் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்றதும், அவள் எழுந்து உட்காரவில்லை. படுத்தபடியே, தலை சுற்றுகிறது, வாய் கசக்கிறது, பாட்டில் ஏற்றிய கை கடுக்கிறது என்று சொன்னாள். அவர் நின்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் பிழைத்தாள் என்று சொல்ல முடியாது. பையனை அழைத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். அவன் எழுதிப் பழகிய சிலேட்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகு கட்டி திரும்பி வந்தது. மருந்து இல்லாமல் இருந்திருந்தால் அந்த நாட்கள் கிடைத்திருக்காது என்று டாக்டர் சொன்னார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார்.

பெரியம்மாவுக்குக் கட்டி அவளுக்கு முன்பே திரும்பிவிட்டது. மழை தொடங்கி, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் உடைத்துக்கொண்ட சமயம். கம்பெனியிடம் இன்னொரு முறை கேட்டு வாங்குகிறேன் என்றார் டாக்டர். அவள் நன்றாக யோசித்தாள்.

"வேணாம் நைனா. இனிமே அது குடுக்குறத விட எடுக்குறது ஜாஸ்தி."

டாக்டர் வற்புறுத்தவில்லை. அவளை வாசல் வரை வந்து ரிக்ஷாவில் ஏற்றிவிட்டார். வார்டில் வேறு யாருக்கும் அவர் அப்படி வந்து நான் பார்த்ததில்லை. ரிக்ஷாவின் கூரை ஒழுகுகிறது என்று அவள் அவரிடம் சொன்னாள். அவர் போய்த் தன் குடையை எடுத்து வந்து கொடுத்தார்.

கடைசி நாட்களில் நான் லீவு போட்டுவிட்டு அவளோடு இருந்தேன். ஒரு மத்தியானம் எளாவூர்ப் பெண்ணும் அவள் புருஷனும் படகில் வந்து இறங்கினார்கள். பார்க்க வந்திருந்த ஊர்க்காரர்கள் வாசலிலும் கூடத்திலும் நிறைந்திருந்தார்கள். பெரியம்மா பாயோடு பாயாகக் கிடந்தாள். பேச்சு குறைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்தப் பெண் வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெரியம்மா கண்ணைத் திறந்து, யாரென்று பார்த்து, அவளுடைய கால் பக்கம் பார்வையை இறக்கினாள். கணுக்காலைப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"ஒண்ணுக்கு ஒழுங்காப் போறியா?"

கூடத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண் பெரியம்மாவின் நல்ல காதருகே குனிந்தாள். நல்ல காதும் அப்போது பாதிதான். அதனால் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டியிருந்தது.

"போறேன் பெத்தம்மா!"

"எவ்ளோ?"

அவள் இரண்டு கைகளையும் மேலும் கீழுமாக இடைவெளி விட்டுப் பிடித்து, ஜாடியில் இவ்வளவு உயரம் என்று காட்டினாள். பெரியம்மா அந்தக் கைகளுக்கு இடையில் இருந்த இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"பத்தாது," என்றாள். "தண்ணி குடி."